குடிநோயும் கோயிற் கடமையும்

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, மகோற்சவ காலத்தில் வெளிவரும் இம்மலர் வாயிலாக அடியார் பெருமக்களோடு ஒரு விடயத்தைப் பேச விரும்புகின்றேன். கோயில் மலரில் குடியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். சுவாமியைத் தோளில் சுமக்கவேண்டிய இளைஞர் சிலர் வெளிவீதியில் தள்ளாடி நிற்கும்போது, அதைப் பேசக் கோயிலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கள்ளுண்ணல் பஞ்சமா பாதகங்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே படித்தோம். ஆனால் பாதகம் என்று சொல்லி விலகுவதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. திருவள்ளுவ நாயனார் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அடுத்து வரும் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் நிறைவில், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கின்றார்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் நின்று பராமரிப்பவர். வைத்தியரும் மருந்தும் ஆஸ்பத்திரியில் உண்டு. பக்கத்தில் நிற்பவர் ஊரிலிருந்துதான் போகவேண்டும்.

அப்படி நின்றவர் திலகவதியார். சமண மடத்திலே தருமசேனராக இருந்த தம்பியைச் சூலைநோய் வாட்டியது. அங்கு செய்த பரிகாரங்களால் அது தீரவில்லை. அவர் தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். திலகவதியார் அந்த மடத்துக்குப் போக உடன்படவில்லை. ஆனால் தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்?" என்று கணக்குக் கேட்கவுமில்லை. தூக்கி எடுத்துத் திருநீறு கொடுத்து, விடியும் வேளையில் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நோய் தீர்ந்த நாவுக்கரசர் கையிலே உழவாரம் ஏந்தித் தொண்டு செய்தார். பிள்ளையின் போதைக்குப் பணம் கொடுத்துத் துணைபோவது அன்பாகாது. திருந்த வந்த பிள்ளைக்குக் கதவைச் சாத்துவதும் ஒழுக்கமாகாது. குணமடைந்தவன் கையில் ஒரு தொண்டைக் கொடுப்பது அவனை மீண்டும் வழுவாமல் காக்கும். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பதுதானே எமது சித்தாந்தம்?

குடியும் ஹெரோயினும் ஐஸும் மனவுறுதி இல்லாதவரின் சேட்டை என்றே பலர் கருதுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் இந்த அடிமைநிலையை நோய்களின் வகைப்பாட்டிலேயே சேர்த்திருக்கிறது. தொடர்ந்த பாவனை மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடுவதால், விடவேண்டும் என்று விரும்புகிறவனாலும் விடமுடியாமற் போகிறது. ஒருமுறை விட்டவர் மீண்டும் விழுவதும் இந்நோயின் இயல்பு. நீரிழிவு கூடினால் மீண்டும் கிளினிக்குக்குப் போகின்றோம் அல்லவா? இதற்கும் அவ்வாறே போகவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சுவாமி சந்நிதியில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கி, அன்றோடு குடியை நிறுத்துவிப்பது எம்மவர் வழக்கம். பல வருடங்களாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களுள் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிராபத்தும் நேரலாம். சில நாட்களுக்கு மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைத்தியர்களால் முடியும். அதேபோல, சிலகாலம் ஹெரோயினை விட்டிருந்தவர் பழைய அளவிலேயே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று இறக்கக்கூடும். ஆகவே சத்தியம் சந்நிதியில் நடக்கட்டும். அதற்கு முன்னரே வைத்தியரைக் காணட்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். மதுவரித் திணைக்களம் 2024ஆம் ஆண்டில் மட்டும் 200 பில்லியன் ரூபாவுக்கு மேல் வருமானம் திரட்டியது. அதில் எமது ஊர்க் கூலித்தொழிலாளியின் நாட்சம்பளமும் அடங்கும். அவன் நோயாளியாகும்போது அதில் ஒரு பங்கு சிகிச்சையாகத் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது பிச்சையன்று, உரிமை. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமென 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. ஆளணியும் கட்டிலும் பணமும் வேண்டும்.

அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து கண்டதைச் சொல்கிறேன். வாயால் கேட்டது காற்றோடு போகும். கடிதமாகக் கேட்டது கோவையில் இருக்கும். பதில் வராவிட்டால் நினைவூட்டற் கடிதம் போகவேண்டும். வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்னரே கோரிக்கை சென்றால்தான் அடுத்த வருடத்துக்குள் அது இடம்பெறும்.

ஆகவே பொதுச்சபைக் கூட்டத்தில் மூன்று காரியங்களை அடியார்கள் ஆலோசிக்க வேண்டும்.

முதலாவது, எமது பிரதேச வைத்தியசாலையில் மாதந்தோறும் போதை நீக்கக் கிளினிக்கும், நிரந்தரமாக ஓர் உளவளத்துணையாளரும் வேண்டுமென, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கையொப்பமிட்ட விண்ணப்பம் அனுப்புதல். அயற் கோயில்களும், தேவாலயமும், மாதர் சங்கமும், விளையாட்டுக் கழகமும் சேர்ந்து ஒப்பமிட்டால் அதற்கு வலு அதிகம்.

இரண்டாவது, ஒவ்வொரு திருவிழா உபயகாரரும் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடுவதில் ஒரு சிறு பகுதியை மருத்துவ தருமமாக ஒதுக்குதல். சிகிச்சைக்குப் போகிறவரின் பஸ் காசுக்கும், அவர் வீட்டில் அடுப்பு எரியவும் அது உதவும். பெயர் விபரம் வெளியில் வரக்கூடாது. கணக்கு மட்டும் வெளிப்படையாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, குணமடைந்து வருபவரைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்காமல், வீதி கூட்டவும் அன்னதான மடத்தில் உதவவும் சேர்த்துக்கொள்ளுதல். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாது தவிக்கும் தாய்மார், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்வது வடம் பிடிக்கும் கைகளால். இந்நோயாளரும் வீடு திரும்ப ஊரின் கைகள் வேண்டும். விக்கினங்களைத் தீர்க்கும் விநாயகப் பெருமான் அவர்களுக்கு நலத்தையும் எமக்கு நல்ல மனத்தையும் தந்தருள்வாராக.

சுபம்.