கம்பளி நூலும் கைக்கெட்டாத பொழுதும்

தேவைக்கு மேற்பட்டதைச் சேர்த்து வைப்போரை அறநூல்கள் ஐயக்கண் கொண்டே நோக்கி வந்திருக்கின்றன. பஞ்ச காலத்திலே நெல்லைப் பதுக்கும் வணிகனைப் பற்றியோ, அயலவர் காணியை வளைத்துப் போடும் நிலப்பிரபுவைப் பற்றியோ தீர்ப்புக் கூற நாம் தயங்குவதில்லை. ஆனால், கம்பளி நூலை அலுமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றி நாம் என்ன கூறுவோம்? வினா அற்பமானதாகத் தோன்றலாம். எனினும் உடைமை என்பது யாது, உழைப்பு என்பது யாது, ஓய்வு எவருக்கு உரியது என்னும் பெரிய வினாக்களுக்கு அந்த அலுமாரி நம்மை இட்டுச் செல்கின்றது.

கம்பளிப் பின்னல் குளிர்நாட்டுக் கைவினை. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று அதனைப் பிழைப்புக்காகவன்றி விருப்பத்திற்காகவே செய்வோர் ஏராளம். ஆசிரியைகள், தாதியர், எழுதுவினைஞர், இல்லத்தரசிகள் எனப் பெரும்பாலும் பெண்கள். ஆண்களும் சிலர் உளர். அவர்களுடைய வேலைகள் கண்காட்சிக்குப் போவன அல்ல. புகையிரதப் பயணத்திற்கென்று கைப்பையிலே ஒரு காலுறை. தோழிக்குப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு குல்லா. பாத்திரம் துலக்கப் பருத்தி நூலிலே ஒரு சிறு துணி. பல மாதங்களாக ஒரு கை மட்டும் எஞ்சி நிற்கும் கம்பளிச் சட்டை. இவ்வாறு மூன்று நான்கு வேலைகள் ஒரே காலத்தில் ஊசிகளிலே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு காலுறையை முடித்த பின் அதன் சோடியைத் தொடங்க மனம் வராதிருப்பதும் அவர்களிடையே பரவலாகக் காணப்படும் 'நோய்'களில் ஒன்று.

இவ்வேலைகளுக்குப் பின்னால் நிற்பது நூற்சேமிப்பு. அலுமாரியில் தொடங்கிக் கட்டிலின் கீழுள்ள பெட்டிகள் வரை அது பரந்து வளர்கிறது. ஆங்கிலம் பேசும் பின்னற்காரரிடையே 'சேபிள்' என்றொரு குறுக்கச் சொல் வழங்குகின்றது. ஆயுட்காலத்திற்குள் பின்னித் தீர்க்க முடியாத அளவு நூலைச் சேர்த்துவிட்ட நிலை என்பது அதன் பொருள். வேடிக்கைக்காகப் பிறந்த சொல்தான். ஆயினும் அச்சொல் ஓர் உண்மையைத் தன்னுள்ளே கொண்டிருக்கிறது. நிலப்பிரபுவோ வட்டிக்கடைக்காரனோ தன் செல்வத்தைத் தன் ஆயுளோடு ஒப்பிட்டுச் சிரிப்பதில்லை. இவர்கள் ஒப்பிட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு மீண்டும் வாங்குகிறார்கள்.

இதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. சாயத் தொட்டி மாறும்போது நிறமும் சிறிது மாறும். ஆகவே ஒரு சட்டைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே முறையில் வாங்கிவிட வேண்டும். ஆலைகள் சில நூல் வகைகளைத் திடீரென நிறுத்திவிடுகின்றன. கையாற் சாயமிடுவோர் சிறு தொகையாகவே விற்கின்றனர். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், முன்யோசனை என்னும் பெயராற் விளக்கக்கூடிய எல்லையைப் பல அலுமாரிகள் கடந்துவிட்டன என்பதை மறுத்தலாகாது. மேலும் கம்பளி பொன்னைப் போலக் கேடின்றிக் கிடப்பதன்று. கவனியாது விட்டால் அந்துப்பூச்சியின் புழு அதனை அரித்துத் தின்றுவிடும்.

இச்சேமிப்பை நிறையால் அளப்பதை விடுத்துக் காலத்தால் அளந்து பார்ப்போம். காலுறைக்குரிய மெல்லிய நூல் வழக்கமாக 100 கிராம் சிட்டங்களாக விற்கப்படுகின்றது. ஒரு சிட்டத்தில் ஏறத்தாழ 400 மீற்றர் இருக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு சோடி காலுறை பின்ன அது போதும். சுற்றொன்றுக்கு 64 கண்ணிகள், காலுறையொன்றுக்கு 160 சுற்றுகள் எனக் கொண்டால் மொத்தம் 10,240 கண்ணிகள். நிமிடத்திற்கு இருபது கண்ணி பின்னும் கைக்கு இது எட்டரை மணித்தியால வேலை. சோடிக்குப் பதினேழு மணித்தியாலம். நூறு சிட்டங்கள் உள்ள அலுமாரியிலே, அப்படியானால், 1,700 மணித்தியாலம் கிடக்கின்றது. நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் தவறாமற் கிடைப்பினும் நாலரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாலைப்பொழுதுகள் வேண்டும். பகல் முழுதும் வகுப்பறையிலோ மருத்துவமனையிலோ நின்று, மாலையிலே சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைக்கும் ஒருத்திக்கு அந்த ஒரு மணித்தியாலம் தவறாமற் கிடைப்பதில்லை.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலிலே இருவகைப் பொருளீட்டலைப் பிரித்துக் காட்டினார். வாழ்வுக்கு வேண்டிய பொருளைத் தேடுவதற்கு இயல்பான எல்லையொன்று உண்டு. பணத்தைப் பெருக்குவதற்கென்றே பணத்தைத் தேடுவதற்கு எல்லையில்லை என்பது அவர் கருத்து. கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே இவ்வேறுபாட்டை எடுத்தாண்டார். நம் நூற்சேமிப்பை இவற்றுள் எதன்பாற் படுத்துவது? அது வட்டி தராது. அதனைக் கொண்டு எவரையும் கூலிக்கு அமர்த்தி இலாபம் காண அவள் எண்ணுவதுமில்லை. தன் இரு கைகளுக்கென்றே அவள் அதைச் சேர்த்தாள். அக்கைகளின் ஆயுளே அதற்கு இயல்பான எல்லை. அந்த எல்லையைத் தாண்டியும் அது வளர்கின்றதெனில், அங்கே சேர்வது நூல் மாத்திரமன்று என்பது எமது துணிபு. ஒரு சிட்டத்தை வாங்குகிறவள், அதைப் பின்னப்போகும் மாலைப்பொழுதையும் உடன் வாங்கிவிட்டதாகத் தன் உள்ளத்திலே கருதிக்கொள்கிறாள். நூல் வீடு வந்து சேர்கிறது, பொழுது வரவில்லை. வராத பொழுதுக்கு ஈடாக அடுத்த மாதமும் நூலே வாங்கப்படுகிறது.

நூலும் பொழுதும் வேறு விதமாக அமைந்திருந்த காலங்களை நோக்கினால் இது மேலும் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் மாதம் பிரித்தானியாவிலே உடைகளுக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. 1949 வரை அது நீடித்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய சட்டையைப் பிரித்து, நூலைக் கழுவி நேராக்கி, அதனையே புதுச் சட்டையாகப் பின்னினார்கள். அங்கே சேமிப்பு வளர்வதற்கு இடமேது?

அதற்கும் முந்திய நூற்றாண்டிலே, ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளிலே, சதுப்புநிலக் கரியைக் கூடையிலே முதுகிற் சுமந்து நடந்தபடியே பெண்கள் கைகளாற் பின்னிக்கொண்டு சென்றார்கள். திருமண மோதிரத்தினூடாக இழுத்தெடுக்கத்தக்க அத்துணை மெல்லிய சால்வைகளை அத்தீவுப் பெண்கள் பின்னினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன? வணிகர்கள் காசு கொடாமல் தேயிலையும் துணியும் கொடுத்து அனுப்பினர் என்பதை 1872ஆம் ஆண்டின் அரசாங்க விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கின்றது. உணவு வாங்கக் காசு வேண்டியவள் கூலியாகப் பெற்ற தேயிலையை விற்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தின் கதையும் இதனின் வேறானதன்று. 1589இல் வில்லியம் லீ என்பவர் இங்கிலாந்திலே காலுறை பின்னும் பொறியைக் கண்டார். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் நொற்றிங்காம் பகுதியிலே அப்பொறிகளில் உழைத்தோரிற் பலர், பொறிக்கு உரிமையாளரல்லர். தாம் வேலை செய்யும் பொறிக்குத் தாமே வாடகை செலுத்தினர். கூலி வீழ்ந்தது, மட்டமான காலுறைகள் சந்தையை நிறைத்தன. 1811இலே அவர்கள் பொறிகளை உடைக்கத் தொடங்கினர். 1812இலே பிரித்தானியப் பாராளுமன்றம் பொறி உடைத்தலை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையிலே நிகழ்த்திய கன்னிப் பேச்சு அச்சட்டத்தை எதிர்த்ததே.

ஷெற்லாந்துப் பெண் போட்டதும் கண்ணி. இன்று புகையிரதத்தில் அமர்ந்து ஆசிரியை போடுவதும் அதே கண்ணி. முன்னவள் வகுத்த சித்திரங்களையே பின்னவள் ஆசையோடு பின்னுகிறாள். செயல் ஒன்றாயினும், அச்செயல் நிகழும் மணித்தியாலத்தின் உடைமையாளர் வேறு. முன்னவளின் மணித்தியாலம் வணிகனுடையது. பின்னவளின் மணித்தியாலம் அவளுடையது. உழைப்பு வதையாவதும் இன்பமாவதும் பெரிதும் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

இன்று கடையிலே வாங்கும் காலுறை, பின்னும் நூலின் விலையிலும் மலிவு. அந்த மலிவுக்குப் பின்னாலும் பெண்களின் மணித்தியாலங்கள் உள்ளன. 1978இலே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றிய காலந்தொட்டு நம் நாட்டுக் கிராமத்து இளம்பெண்கள் மேலைநாட்டுக் கடைகளுக்கு உடை தைத்து அனுப்பி வருகின்றனர். அவர்களுடைய கைகளும் திறன் வாய்ந்தவையே. ஆனால் மணித்தியாலத்திற்கு இத்தனை உருப்படி என்னும் இலக்கை அவர்கள் வகுப்பதில்லை. தைத்தது பிடிக்கவில்லையென்று அதைப் பிரித்துவிட்டு வேறொன்றைத் தொடங்கும் உரிமையும் அவர்களுக்கில்லை. விருப்பத்திற்குப் பின்னுபவளுக்கோ அந்த உரிமை உண்டு. பத்து மணித்தியால வேலையை ஒரு மாலையிலே உருவி எறிந்துவிட்டு அவள் மீண்டும் தொடங்கலாம். அவளை எவரும் கணக்குக் கேட்பதில்லை. தன் உழைப்பின் வேகமும் வடிவும் பயனும் தன் வசமிருத்தல் எத்தகையது என்பதை அவள் ஊசி முனையிலே சிறிது சுவைக்கிறாள்.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு; இதிலே சமுதாயப் பயன் என்ன என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. கைச்சாயமிட்ட கம்பளி ஏழையின் கைக்கு எட்டும் பொருளன்று. ஆயினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். ஆண்மகன் மாலையிலே சும்மா அமர்ந்திருந்தால் அவன் களைப்பாறுகிறான் என்கிறோம். பெண் சும்மா அமர்ந்திருந்தால் சோம்பேறி என்கிறோம். ஆகவே அவளுடைய ஓய்வும் ஏதேனும் ஒரு பயன்பொருளைக் காட்டியே தன்னை நியாயப்படுத்த வேண்டியதாயிற்று. கையிலே ஊசி இருந்தால்தான் அவள் அமர்ந்திருக்க அனுமதி. பின்னிய குல்லாயும் காலுறையும் பிறருக்கே பெரும்பாலும் போய்ச் சேர்கின்றன. அன்பின் காணிக்கையாகிய அவை, ஓய்ந்திருந்ததற்கு அவள் செலுத்தும் வரியாகவும் சில வேளைகளில் அமைந்துவிடுகின்றன.

வில்லியம் மொறிஸ் 1884இலே ஆற்றிய சொற்பொழிவொன்றிலே மனிதனுக்குத் தகுந்த உழைப்பு மூன்று நம்பிக்கைகளைத் தரவேண்டும் என்றார்: ஓய்வு பற்றிய நம்பிக்கை, விளைபொருள் பற்றிய நம்பிக்கை, வேலையிலேயே இன்பம் காணும் நம்பிக்கை. பின்னற்காரியிடம் பின்னிரண்டும் உள்ளன. முதலாவது அவளிடம் இல்லை. அதனைத் தரவல்ல சந்தையும் இல்லை. 1886 மே மாதத்தில் அமெரிக்கத் தொழிலாளர் எட்டு மணித்தியால வேலைநாளைக் கோரித் தெருவில் இறங்கினர். அவர்கள் கேட்டது கூலியை மட்டுமன்று, தமக்குரிய பொழுதையுமாகும். இன்றைய வணிகன் பொழுதைக் கொடுக்க மாட்டான். பொழுது இருந்தாற் பயன்படக்கூடிய பொருளைக் கொடுப்பான். போராடிப் பெறவேண்டியதைக் காசு கொடுத்துப் பெற்றுவிட்டதாக நம்மை அவன் நம்பச் செய்கிறான். நூற்சேமிப்பிலே குற்றம் ஒன்று இருக்குமாயின் அது இந்த மயக்கமே.

இதைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் தம் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். நம் மொழியிலே நூல் என்னும் சொல் இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். இவ்விரண்டையும் ஒப்பிட்டு உரைக்கும் மரபும் நன்னூல் காலத்திலிருந்தே நமக்குண்டு. விடுமுறையிலே படிப்போம் என்று வாங்கி, விடுமுறை முழுதும் விடைத்தாள் திருத்தியும் தனிவகுப்பு நடத்தியும் கழித்து, ஓரம் மஞ்சளாகிக் கிடக்கும் ஏடுகள் எத்தனை? பின்னற்காரியை நகைப்பதற்கு நம்மில் எவருக்கு உரிமை உண்டு?

ஆகவே அவளைப் பதுக்கல்காரியென்று ஒதுக்கிவிட நாம் உடன்படோம். நெல்லைப் பதுக்குபவன் பிறர் பசியிலே இலாபம் காண்கிறான். இவள் பதுக்கி வைத்திருப்பது தனக்கு மறுக்கப்பட்ட பொழுதின் அடையாளத்தை. ஆனால் அடையாளத்தைச் சேர்ப்பதாற் பொழுது வந்துவிடாது என்பதையும் அவளுக்குத் தோழமையோடு எடுத்துரைக்க வேண்டும். அலுமாரி நிறைந்திருப்பின் நூலை அயலாருடன் பகிரலாம். பின்னத் தெரியாதோருக்குக் கற்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு நேரத்தைத் தொழிலாளரின் உரிமையாகக் கேட்கும் குரலோடு அவள் குரலும் சேரவேண்டும்.

2022இலே ஐக்கிய அமெரிக்காவில் 'லூஸ் எண்ட்ஸ்' என்றோர் அமைப்புத் தோன்றியது. பின்னுபவர் இறந்துபோனாலோ கைகள் இயங்காது போனாலோ, அவர் அரைகுறையாய் விட்டுச் சென்ற சட்டையையும் போர்வையையும், முன்பின் அறியாத தொண்டர் ஒருவர் வாங்கிப் பின்னி முடித்து, கூலி பெறாமல் அக்குடும்பத்திடம் சேர்ப்பிக்கிறார். ஒருவர் விட்ட கண்ணியிலே மற்றவர் ஊசி நுழைகின்றது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்காத வேலை பலருடைய பொழுதிலே அடங்கிவிடுகிறது. அந்தத் தொண்டருக்கும் அதற்கான மாலைப்பொழுது வேண்டும். அப்பொழுதை எல்லோருக்கும் உரியதாக்கும் வேலையும் அரைகுறையாகவே நம் கைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. அதையும் நாம் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் எடுத்துத் தொடர வேண்டும்.