கடை வாசலில் வைத்த கண்

கடை வைத்திருப்பவன் தன் பொருளைக் காத்துக்கொள்வது கடமை. பூட்டுப் போடுவதையும் இரும்புக் கதவு வைப்பதையும் எவரும் குறை சொன்னதில்லை. ஆனால் இன்று பகாவ் முதல் லிங்கி வரை நமது நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் சிறிய சாமான் கடையிலும் காமிரா தொங்குகிறது. வாகனத்தின் நம்பரைத் தானே வாசித்துக் குறித்துவைக்கும் காமிராவும் நம்மவர் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. பூட்டு நம் பொருளை மட்டும் காக்கிறது. இக்கருவியோ பிறருடைய நடமாட்டத்தையும் பிடித்து வைக்கிறது. ஆகவே இதை வாங்குவோர் விலையை விசாரித்தால் மட்டும் போதாது, நியாயத்தையும் விசாரிக்க வேண்டும்.

இதன் அவசியத்தை நான் மறுக்கவில்லை. ரப்பர் நின்ற இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது. தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை பட்டணம் போய்விட்டன. இரவில் கடைச் சந்தி வெறிச்சோடிக் கிடக்கிறது. செம்பனைக் குலை திருடும் லோரியும், கடையின் கேஸ் தோம்பைத் தூக்கும் வேனும் அந்த இருட்டைத்தான் நாடுகின்றன. வண்டி நம்பர் கிடைத்தால் போலீசுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆனால் நம்பர் கிடைக்கவேண்டுமே! கூரைக்கு மேலே ஒரு காமிராவை மாட்டி, முற்றம் முழுவதும் தெரிகிறது என்று திருப்திப்படுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 புள்ளி அகலமுள்ள படத்தில் 20 மீட்டர் முற்றத்தை அடைத்தால், அரை மீட்டர் நம்பர் பலகைக்குக் கிடைப்பது 48 புள்ளிகள்தாம். அதிலே ஏழெட்டு எழுத்துகள் எப்படித் தெரியும்? அதே காமிராவின் பார்வையை 5 மீட்டருக்குச் சுருக்கினால் பலகைக்கு 192 புள்ளிகள் கிடைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் 37 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்துகள் இழுபட்டுக் கோடாகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடித்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அவ்வளவு குறைந்த நேரத்துக்கு இரவில் தனி வெளிச்சம் வேண்டும். வண்டியின் முன்விளக்கு நேரே அடித்தால் பலகை மறைந்துபோகும். ஆகையால் வண்டி மெதுவாகும் வாசல் மேட்டிலே, அதிக உயரமில்லாமல், அதிகச் சாய்வில்லாமல், பலகைக்கென்றே தனியாக ஒரு காமிராவை வைப்பதுதான் முறை. அதன் கடிகாரமும் சரியாக இருக்கவேண்டும்.

இதெல்லாம் வெறும் தொழில் விஷயம் அல்ல, அறத்தின் விஷயமுமாகும். மங்கலான படத்தில் 'பி' என்ற எழுத்துக்கும் 8 என்ற எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. அரைகுறையாகப் பார்த்து ஊகத்தினால் ஒரு நம்பரைச் சொன்னால், குற்றமற்ற ஒருவன் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். படம் தெளிவாகவே இருந்தாலும் அது வண்டியைக் காட்டுமேயன்றி ஓட்டியவனைக் காட்டாது. களவாடிய பலகையை மாட்டிக்கொண்டு வருகிற திருடனும் உண்டு.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. திருடனுக்காக விரித்த வலையில் நாள் முழுவதும் விழுகிறவர் திருடர் அல்லாதவரே. அந்தப் பதிவு யாருக்குச் சொந்தம்? என் கடைக்கு வந்த இரண்டு கோரிக்கைகளைச் சொல்கிறேன். தவணை கட்டாத வண்டிகளைப் பிடிக்கிறவர் ஒருவர் வந்து, இன்ன நம்பர் இவ்வழியே எப்போது போகிறது என்று சொன்னால் பணம் தருவதாகச் சொன்னார். பிறகு நம்மவரில் மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர் வந்தார். எதிர்ச்சாரியிலுள்ள மதுக்கடைக்கு நம் பையன்கள் யார் யார் போகிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் திருத்தலாமே என்றார். முன்னவருக்கு இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது. பின்னவருக்குச் சொல்வது கஷ்டமாக இருந்தது, ஏனெனில் அவருடைய எண்ணம் நல்லது.

எண்ணம் நல்லதென்றால் துருவிப் பார்க்கலாமா? இமாம் கஸ்ஸாலி அவர்களின் இஹ்யாவில் ஒரு வரலாறு காணப்படுகிறது. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றி வருகையில், ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறிப் பார்த்தார்கள். உள்ளே மதுவுடன் இருந்தவன், தான் செய்தது ஒரு தவறு என்றும், கலீபா செய்தவை மூன்று என்றும் எண்ணிச் சொன்னான்: வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதி கேளாமல் நுழைந்தது. அவன் இனித் திருந்துவதாகச் சொல்லவே, அவனை விட்டுத் திரும்பினார்கள். நாட்டையே ஆண்டவருக்கு இல்லாத உரிமை, சாமான் கடைக்காரனுக்கு எங்கிருந்து வரும்? பையனைக் கண்ணெதிரே கண்டால் தனியே அழைத்துப் புத்தி சொல்வது வேறு, பதிவைப் புரட்டிப் பெயர்ப்பட்டியல் எடுப்பது வேறு.

"தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பார்கள். 2010-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் நடந்ததை அவர்கள் அறியவேண்டும். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் வட்டாரங்களைச் சுற்றி 200-க்கு மேற்பட்ட காமிராக்கள் நிறுவப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நம்பர் வாசிப்பவை, பல மறைத்து வைக்கப்பட்டவை. சாதாரணக் குற்றங்களைத் தடுக்கவே இவை என்று ஜனங்களிடம் சொல்லப்பட்டது. பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. உண்மை வெளியானபின் போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டார். காமிராக்கள் 2011-ல் அகற்றப்பட்டன. அங்கே தவறு செய்யாதவர்களே மனம் நொந்தார்கள். தம்மிடம் ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்ததே அவர்கள் வருத்தம்.

வியாபாரிக்கு இது புதிய பாடமல்ல. நம் பற்றுவரவு ஏட்டில் யாருக்கு எவ்வளவு கடன் என்பது இருக்கிறது. அதை அடுத்த வாடிக்கைக்காரரிடம் நாம் காட்டுவதுண்டா? காட்டினால் நமக்கு வியாபாரம் ஏது? காமிராப் பதிவும் அப்படிப்பட்ட ஓர் ஏடுதான். அது நம்மிடம் உள்ள அமானிதம். இந்நாட்டில் 2013 நவம்பர் 15 முதல் அமுலில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், வியாபாரத்தில் திரட்டிய தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தாதே, தேவைக்கு மேல் வைத்திராதே என்றே சொல்கிறது.

ஆகவே சகோதரர்களே! காமிரா வையுங்கள், அது நம் வாசலைப் பார்க்கட்டும். அண்டை வீட்டு ஜன்னலையும் எதிர்க் கடையையும் பார்க்கவேண்டாம். காமிரா இருக்கிறது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மாட்டுங்கள். பதிவு ஒரு மாதத்தில் தானே அழியும்படி செய்யுங்கள். கருவியோடு வந்த இரகசியச் சொல்லை முதல்நாளே மாற்றி, ஒருவர் பொறுப்பில் வையுங்கள். களவு நடந்தால் புகார் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துப் பதிவைப் போலீசிடம் ஒப்படையுங்கள். அதில் சிக்கியவன் நம் சொந்தக்காரன் என்றாலும் மறைக்கவேண்டாம். வேறு யார் கேட்டாலும், எவ்வளவு வேண்டியவர் ஆனாலும், ஏட்டை மூடுவதுபோல் மூடிவிடுங்கள். நம் கடைக்கு வருகிறவன் சாமான் வாங்கத்தான் வருகிறான், தன் போக்குவரத்துக்குக் கணக்குச் சொல்ல வரவில்லை.