பெரியவனான பிள்ளைக்கும் கீழ்ப்படிதல் உண்டு



தென் ஆப்பிரிக்க தேசத்தின் கிழக்கு கேப் மாகாணத்தில் கோசா என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே பையன் ஆண்மகனாக மதிக்கப்படுவதற்கு 'உல்வாலுகோ' என்ற சடங்கு உண்டு. பள்ளி விடுமுறையில் வாலிபர் ஊருக்குப் புறம்பே குடிசையில் தங்குவார்கள். அங்கே விருத்தசேதனம் செய்யப்படும். வலியைப் பொறுத்து, உடம்பில் வெண்களிமண் பூசி, பெரியோரின் புத்திமதி கேட்பார்கள். முடிவில் குடிசையைக் கொளுத்திவிட்டு, புது உடையில் வீடு திரும்புவார்கள்.

இதை நாம் இகழலாகாது. பொறுமையும் மரியாதையும் பொறுப்பும் கற்பிக்கவே முன்னோர் இதை ஏற்படுத்தினர். ஆனால் தகுதியற்றோர் கையில் சிக்கி ஆண்டுதோறும் இளைஞர் சிலர் மாண்டுபோவதால், அரசாங்கம் 2021-ல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது.

வேறொரு தொல்லையும் உண்டு. உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்பும் வாலிபரில் சிலர், "நான் இப்போது ஆண்மகன், ஒரு பெண் எனக்குக் கட்டளையிடுவதா? சடங்கு காணாத ஆசிரியர் என்னைக் கண்டிப்பதா?" என்று முரண்டு பிடிக்கிறார்கள். பள்ளிகளில் பிரம்படியை 1996-ம் ஆண்டுச் சட்டம் விலக்கிவிட்டது. ஆகவே மனத்தைத் திருத்துவதே ஆசிரியருக்குள்ள வழி.

நெல்சன் மண்டேலா 1934-ல், பதினாறாம் வயதில், இந்தச் சடங்கைக் கடந்தவர். அரச குலத்தோடு உறவுள்ள பிள்ளை. பின்பு கிளார்க்பரி மிஷன் பள்ளியில் சேர்ந்தபோது ஒருவரும் அவருக்குத் தனி மரியாதை காட்டவில்லை. பாடம் முடிந்தபின் தலைமைக் குருவானவரின் தோட்டத்தில் வேலை செய்தார். தோட்டவேலையில் தமக்கு ஆயுள் முழுதும் இருந்த பிரியம் அங்கேதான் முளைத்தது என்று பிற்காலத்தில் எழுதினார்.

பெற்றோரே, நம் வீடுகளில் இந்தச் சடங்கு இல்லை. ஆனால் மீசை அரும்பியதும் பிள்ளை தாயை எதிர்த்துப் பேசுகிறான். "ஆம்பிளைப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்" என்று தகப்பன் சிரிக்கிறான். ஆசிரியை கண்டித்தால் மகன் முன்னிலையிலேயே அவரை ஏசுகிறான். அந்தச் சிரிப்பும் ஏச்சும் பிள்ளைக்கு என்ன கற்பிக்கும்? நாலாம் கற்பனைக்கு வயது வரம்பு கிடையாது.

சேசுநாதர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் வேதசாஸ்திரிகள் நடுவே அமர்ந்து, எல்லாரும் வியக்கப் பேசினார். அதன்பின் செய்தது என்ன? நாசரேத்துக்குத் திரும்பி, தச்சராகிய அர்ச். சூசையப்பருக்கும் தேவமாதாவுக்கும் கீழ்ப்படிந்திருந்தார். ஒரு பெண்ணின் சொல் கேட்பது தமக்குக் குறைவென்று சர்வேசுரனின் திருச்சுதன் எண்ணவில்லை.

நமக்கும் உறுதிபூசுதல் என்னும் தேவதிரவிய அநுமானம் உண்டு. முற்காலத்தில் ஆயர் அப்போது கன்னத்தில் மெல்லத் தட்டுவார். கிறிஸ்துவுக்காக நிந்தையைப் பொறுக்கக் கற்றவனே அவருடைய போர்வீரன் என்பது அதன் பொருள். ஆசிரியரின் ஒரு கண்டிப்பைப் பொறுக்கமாட்டாதவன் நிந்தையை எப்படிப் பொறுப்பான்?

இன்றிரவு குடும்ப ஜெபமாலை முடிந்தபின், தகப்பன்மாரே, மகனை அருகில் அழைத்து அன்போடு பேசுங்கள். அதற்கு முன், அவன் தாயிடம் நீங்கள் மரியாதையாய்ப் பேசுங்கள். அவன் முதலில் கற்பது அதைத்தான்.

ஆமென்.