சொல்லாதே என்று சொன்ன சொல்

ஆலயத்திற்கு வரும் எமது பிள்ளைகள், பூசை நேரத்தில் சப்பாத்து வைக்கும் இடத்தருகே கூடி நின்று ஜேர்மன் மொழியில் குசுகுசுப்பதைக் கண்டு நாம் முகம் சுளிப்பதுண்டு. "கோயிலுக்கு வந்த இடத்தில் என்ன கதை?" என்று அதட்டியும் இருக்கிறோம். அக்கதைகளில் சில எவ்வளவு பாரமானவை என்பதை நாம் அறிவதில்லை.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பாடசாலைகளில் அரையாண்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். இந்நாட்டில் 1 சிறந்த புள்ளி, 6 கடைசிப் புள்ளி. கணிதத்தில் 5 எடுத்த பதினைந்து வயதுப் பிள்ளையொன்றை எண்ணிக் கொள்வோம். பெரியம்மா மகன் ஜிம்னாசியத்தில் எடுக்கும் புள்ளிகள் அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, ஞாயிறு நடன வகுப்பு, இடையில் அலுவலகக் கடிதங்களைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் வேலை. இரவில் நித்திரை இல்லை. சிநேகிதியிடம் மட்டும் சொல்கிறாள்: "எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை. அம்மாளாச்சி ஆணை, ஒருத்தருக்கும் சொல்லாதே." அவளும் சத்தியம் செய்து விடுகிறாள்.

இனி அந்தச் சிநேகிதி என்ன செய்வது? சொன்னால் கோள். சொல்லாவிட்டால்?

நட்பை எமது சமயம் சிறிதாக எண்ணவில்லை. சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். பரவையாரின் ஊடல் என்னும் வீட்டுச் சங்கடத்தையும் அவர் மறைக்காமல் இறைவனிடமே முறையிட்டார். திருவாரூர் வீதியில் நள்ளிரவில் தூது நடந்த இறைவன், முதன்முறை பலிக்காமல் திரும்பிய பின்னும் மறுமுறை போனார். அவர் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை, எழுந்து நடந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கேட்பதே பெரிய உதவிதான். 1935 இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார், தன்னுயிரை மாய்த்துக் கொண்ட ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கை நடத்தினார். முதல் மாதவிடாயைக் கொடிய நோயென்று அஞ்சிய அவளுக்கு, கேட்டறிய ஒருவரும் இருக்கவில்லை. அதை மறவாத அவர் 1953 இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்த சாதாரண மனிதர்களிடமே பலர் மனம் திறந்து பேசிவிட்டு ஆறுதலோடு திரும்பினார்களாம். எமது நாட்டில் 1974 இல் தோன்றிய சுமித்ரயோவும் இவ்வழியில் வந்ததே.

ஆகவே பரீட்சைப் பயம், வீட்டுச் சண்டை, காதல் கவலை போன்றவற்றில் சிநேகிதி வாக்கைக் காப்பதே முறை. கூட நடக்கட்டும், பந்து விளையாடட்டும், இரவில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு நித்திரை கொள்ளச் சொல்லட்டும். உயிர் பற்றிய பேச்சு வந்தால் கணக்கு வேறு. "சாக நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்து விடுவோம் என்பது வெறும் பயம். மனநல ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. அதன்பின் வாக்கை மீறத்தான் வேண்டும். ஆனால் ஒளித்துச் சொல்லக்கூடாது. "இதை என்னால் தனியே சுமக்க முடியாது, வா, இருவருமாய்ப் போய்ச் சொல்வோம்" என்று அவளுக்கே சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். அது கோள் ஆகாது.

யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் பிழை எம் பக்கம் வருகிறது. ஒரு பிள்ளை பெரியவர் ஒருவரிடம் சொன்னது அன்னதானப் பந்தியில் பரிமாறப்பட்டு, மறுநாள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்கிறது. "நாளைக்கு யார் கட்டுவான்?" என்ற கேள்வியும் கூடவே போகிறது. நாமும் இதைச் செய்திருக்கிறோம், மறுப்பதற்கில்லை. திருவள்ளுவர் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். எம்மிடம் சொல்ல அஞ்சும் பிள்ளையைக் குறை கூற எமக்கு என்ன உரிமை?

பாடசாலைகளில் மாணவரின் நம்பிக்கைக்குரிய ஆசிரியர்கள் உண்டு. வூப்பர்ரால் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1980 முதல் இயங்கும் 'நும்மர் கேகன் கும்மர்' அமைப்பின் இளையோர் தொலைபேசி இலக்கம் 116 111. திங்கள் முதல் சனி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து 8 மணி வரை, கட்டணமின்றி, பெயர் சொல்லாமல் பேசலாம். சனிக்கிழமைகளில் பல நகரங்களில் பயிற்சி பெற்ற இளைஞர்களே மறுமுனையில் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வழிகாட்டும் பெரியவர்களும் உண்டு. (எமது பிள்ளைகள் அந்நேரம் தமிழ் வகுப்பில் இருப்பார்கள் என்பது வேறு கதை.) உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 112.

இவ்விலக்கங்களை இவ்விதழின் ஜேர்மன் பக்கத்திலும் அச்சிட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிரதியில் அந்த மூலையை யாராவது வெட்டி எடுத்திருந்தால், எடுத்தது யாரென்று விசாரிக்க வேண்டாம்.