மிதித்தவன் யார்?

கடற்கரைக்குப் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வது நம்மில் பலருக்கும் வழக்கம். ஈரமணல் பாதத்தில் படவேண்டும், அலை வந்து காலை நனைக்கவேண்டும்; அதற்காகத்தானே போகிறோம்? அந்தச் சுகத்துக்கும் ஒரு விலை உண்டு என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, ஒரு மாலைப் பொழுது வரையில்.

சோழமண்டலக் கரையில் ஒரு சிறு குப்பம். நண்பர் ஒருவரும் அவருடைய மனைவியும் பத்து வயது மகனும் என்னுடன் வந்திருந்தார்கள். பையன் ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கப் போனான். “கடலில் குளிக்கிறவன் செருப்பா போடுவான்? கழற்றி எறியடா!” என்று சிரித்தார் நண்பர். அவனும் எறிந்துவிட்டு ஓடினான். முழங்கால் அளவுத் தண்ணீரில் பத்தடி போயிருப்பான். திடீரென்று அலறினான். தூக்கி வந்து பார்த்தோம். கணுக்காலுக்கு அருகே ஒரு சிறு கிழிசல். இரத்தம் அதிகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை துடித்த துடிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கரைவலை இழுத்துவிட்டுக் களைப்பாறிக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்தார். காயத்தைப் பார்த்ததும், “திருக்கை குத்தியிருக்குங்க ஐயா. வென்னி வையுங்கடி!” என்று குடிசைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். வாளியில் வெந்நீர் வந்தது. முதலில் தம் கையை விட்டுச் சூடு பார்த்தார். அதன்பிறகே பையனின் காலை உள்ளே வைத்தார். அரை மணி நேரத்துக்குப் பின் அலறல் விம்மலாயிற்று. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

புறப்படுமுன் நண்பர் கடலைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “அந்தச் சனியனைத் தேடிப் பிடித்து அடித்துக் கொல்லவேண்டும்!”

முதியவர் நிதானமாகச் சொன்னார்: “அது பாட்டுக்கு மண்ணுக்குள்ளே படுத்திருந்துச்சு. புள்ள மிதிச்சுட்டான். படுத்திருக்கிற நம்ம முதுகிலே ஒருத்தன் கால வச்சா நாம சும்மா இருப்பமா ஐயா?”

நண்பர் பதில் பேசவில்லை. அவர் கோபம் மீன்மேல் அல்ல, ‘கழற்றி எறியடா’ என்ற தம் வார்த்தையின்மேல்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. தம்மைத் தாமே அடித்துக்கொள்ள முடியாதவர் மீனை அடிக்க நினைத்தார்.

நமக்கு ஒரு துன்பம் வந்தால், உடனே அதற்குக் காரணமான குற்றவாளி ஒருவன் வேண்டியிருக்கிறது. குற்றவாளியே இல்லாத துன்பத்தை நம் மனம் தாங்குவதில்லை. ஆனால் கடலில் குற்றவாளியைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது.

திருக்கையின் வாலில் இருபுறமும் பல்பல்லாக அமைந்த முள் இருக்கிறது. அதைக்கொண்டு அது இரை பிடிப்பதில்லை. அந்த முள் தற்காப்புக்கு மட்டுமே. மிதிபட்டால் வாலைச் சொடுக்குகிறது. மற்றபடி, ஆள் வருவது தெரிந்தால் விலகிப் போய்விடுவதுதான் அதன் சுபாவம்.

சொறி மீனின் கதை இதைவிட விசித்திரமானது. அதற்கு மூளையே கிடையாது. அதன் இழைகளில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கொட்டும் செல்கள் உள்ளன. ஏதேனும் பட்டவுடன் ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து நஞ்சைச் செலுத்துகிறது. செத்துக் கரையொதுங்கிய சொறி மீனைத் தொட்டாலும் கொட்டும். செத்துப்போன ஒன்றின்மேல் எப்படிப் பழி சுமத்துவது? ‘போர்த்துகீசியப் போர்க்கப்பல்’ என்று மாலுமிகள் பெயரிட்ட நீலநிறப் பிராணியோ ஒரு தனி உயிரே அல்ல. பல சிற்றுயிர்கள் சேர்ந்த கூட்டம். ‘அது கொட்டிவிட்டது’ என்று சொல்லக்கூட அங்கே ஓர் ‘அது’ இல்லை!

இருந்தும் மனிதன் பழிவாங்கத்தான் பார்க்கிறான். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், விலங்குகளின் நண்பரென்று உலகம் அறிந்த ஸ்டீவ் இர்வின், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடலில் படமெடுக்கும்போது திருக்கையின் முள் மார்பில் பாய்ந்து இறந்துபோனார். அதற்கடுத்த நாட்களில் அந்தக் கரையோரங்களில் குறைந்தது பத்துத் திருக்கைகள் செத்துக் கிடந்தன. சிலவற்றின் வால்கள் வெட்டப்பட்டிருந்தன. அவருக்காகப் பழிவாங்கத்தான் கொன்றிருப்பார்கள் என்று பலரும் அஞ்சினார்கள். அவருடன் பணியாற்றியவர்கள் மனம் நொந்து, அவர் இதை ஒருபோதும் விரும்பியிருக்கமாட்டார் என்றார்கள். பிராணிகளை நேசிக்கச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரால் பிராணிகளைக் கொல்வது என்றால், அன்பு எத்தனை எளிதில் வெறியாகிவிடுகிறது, பாருங்கள்!

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. 1901-இல் மொனாக்கோ அரசரின் கப்பலில் சென்று, அந்த நீலப் பிராணியின் நஞ்சை ஆராய்ந்தார்கள் சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். ஊர் திரும்பியபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை பிழைத்த நாய், சில வாரம் கழித்து அதே நஞ்சைச் சிறிதளவு செலுத்தியதும் அரை மணிக்குள் செத்தது. நஞ்சு மட்டும் அதைக் கொல்லவில்லை. நஞ்சை நினைவில் வைத்திருந்த உடல் அளவுமீறிச் சீறிய சீற்றமே கொன்றது. இந்த உண்மைக்காக ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய காயத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு அற்பக் காரணத்துக்கும் பொங்கி எழுகிற மனிதர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த நாயின் ஞாபகம் வருகிறது.

அப்படியானால் நாம் என்ன செய்வது? கடலுக்கே போகாமல் இருந்துவிடலாமா? ‘செருப்பைப் போட்டுக்கொண்டு போ’ என்பது சாதாரண அறிவு சொல்லும் பதில். சாந்திதேவர் என்ற பௌத்த ஞானி பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதை ஒரு தத்துவமாக்கினார். பூமி முழுவதையும் தோலால் மூட முடியாது. காலுக்கு மட்டும் தோல் போட்டுக்கொண்டால் பூமி மூடப்பட்டது போலத்தான். உலகத்தைத் திருத்தப் புறப்படாதே, உன் மனத்தைக் காத்துக்கொள் என்பது அதன் கருத்து.

அழகான கருத்துத்தான். ஆனால் கடற்கரையில் நின்று பார்த்தால் அது பாதி வழியில் நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, சொறி மீனின் இழையையும் கிளிஞ்சலையும் கூரிய கல்லையும் செருப்பு தடுக்கலாம். திருக்கையின் முள் ரப்பரைத் துளைத்துவிடும், அல்லது செருப்புக்கு மேலே கணுக்காலில் குத்தும். இரண்டாவது, செருப்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. நாள் முழுவதும் தண்ணீரில் நின்று வலை இழுக்கிற அந்த முதியவரின் கால் வெறுங்கால்தான். சில தெருக்களில் சில மனிதர்கள் செருப்பணிந்து நடப்பதே குற்றம் என்று வைத்திருந்த நாடு நம்முடையது. ‘உன் காலை நீ காத்துக்கொள்’ என்ற உபதேசம், செருப்பு உள்ளவனுக்கே சொன்ன உபதேசம். மூன்றாவது, செருப்பு என் காலைக் காக்கும்; என் காலுக்கடியில் இருப்பதைக் காக்காது.

அந்த முதியவர் தண்ணீரில் இறங்குவதைப் பிறகு கவனித்தேன். அவர் காலைத் தூக்கி வைக்கவில்லை. பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து, மணலைக் கலக்கிக்கொண்டே போனார். கேட்டதற்கு, “வாறோம்னு சொல்லிட்டுப் போறோம், அவ்வளவுதான். அது ஒதுங்கிக்கும்” என்றார். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் கடலில் குளிக்க வருகிறவர்களுக்கு இதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பணச் செலவில்லாத பாதுகாப்பு. மிதிப்பவனும் தப்புகிறான், மிதிபடுவதும் தப்புகிறது.

இந்த ‘வாறோம்னு சொல்லிட்டுப் போவது’ நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் வீட்டிலும் மணலுக்கடியில் ஓசையின்றிக் கிடப்பவர்கள் உண்டு. சமையலறை மூலையில் நாளெல்லாம் உழைக்கிற அத்தை, வேலை கிடைக்காத தம்பி, குழந்தையில்லாத மருமகள். நாம் கவனமில்லாமல் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். அவர்கள் சுருக்கென்று திருப்பிச் சொன்னதும், “அப்பப்பா, என்ன நாக்கு! தேள் கொடுக்கு!” என்கிறோம். கொட்டியது நமக்கு நினைவிருக்கிறது, மிதித்தது நினைவில்லை.

இங்கே எச்சரிக்கையாகவும் இருக்கவேண்டும். மனிதன் திருக்கை அல்ல. அறிந்தே, தேடிவந்து குத்துகிறவர்கள் மனிதர்களுள் உண்டு. ‘அது அவர் சுபாவம்’ என்று அவர்களை மன்னித்துவிடுவது நியாயமாகாது. குத்துப்பட்டவரைப் பார்த்து ‘நீ ஏன் மிதித்தாய்?’ என்று கேட்பது அதைவிடப் பெரிய அநியாயம். மீனுக்கு முடியாத ஒன்று மனிதனுக்கு முடியும்: குத்துவதா வேண்டாமா என்று அவன் யோசிக்கலாம். ஆகவே அவனிடம் கணக்குக் கேட்கலாம். மீனிடம் கேட்க முடியாது.

ஆனால் கணக்குக் கேட்பதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. முதியவர் முதலில் வெந்நீர் கேட்டார். யார் குற்றம் என்ற பேச்சு பின்னால்தான் வந்தது. இன்றைய வைத்தியமும் அதையே சொல்கிறது. திருக்கையின் நஞ்சு வெப்பத்தில் வலுவிழக்கக்கூடியது. தோல் பொறுக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் சூட்டில், 30 முதல் 90 நிமிஷம்வரை காலை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு, முள்துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும். மார்பிலோ வயிற்றிலோ முள் பாய்ந்து நின்றால் அதைப் பிடுங்கக்கூடாது. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

அடுத்த ஆண்டு அதே கரைக்குப் போனோம். பையன் கடலைக் கண்டு தயங்கி நின்றான். நண்பர் அவனுக்குச் செருப்பை மாட்டிவிட்டார், தாமும் மாட்டிக்கொண்டார். பிறகு அவன் கையைப் பற்றிக்கொண்டு, காலைத் தூக்காமல், மணலைத் தேய்த்துத் தேய்த்து மெள்ளத் தண்ணீருக்குள் நடந்தார்.

“ஏனப்பா இப்படி நடக்கிறாய்?” என்று கேட்டான் பையன்.

“உள்ளே ஆள் இருக்குமடா” என்றார் நண்பர்.