அலை திரும்பக் கொண்டு வந்தால்?

பலன் நிலைக்காது என்று தெரிந்தும் ஒரு வேலையைச் செய்யலாமா?

போன செமஸ்டர் விடுமுறையில், ஓர் உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழுவோடு மோரிப் கடற்கரைக்குக் கோத்தோங் ரோயோங் செய்யப் போனேன். காலை முழுக்கக் குனிந்து போத்தல், ஸ்ட்ரா, பாலிஸ்டிரின் துண்டு எல்லாம் பொறுக்கினோம். மத்தியானம் தண்ணீர் ஏறியது. கூடவே புதுக் குப்பையும் வந்தது.

"இதுக்காடா நாலு மணி நேரம்?" என்றான் கூட வந்தவன். நான் பொறியியல் மாணவன். உழைப்பையும் பலனையும் கணக்குப் போட்டால் அவன் கேட்டது நியாயம்தான்.

திரும்பும் வழியில் கடையில் நின்றோம். என் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஆயிஸ், ஒரு ஸ்ட்ரா. காலையில் பொறுக்கிய அதே சாமான்! வெட்கமாகப் போய்விட்டது. அலையைக் குறை சொன்னோமே, அந்த அலைக்குக் குப்பை கொடுப்பதே நாம்தானே?

பாலிஸ்டிரின் மக்காது, தூள்தூளாக உடையும். உடைந்த பிறகு யாராலும் பொறுக்க முடியாது. அதனால் அன்று எடுத்தது வீண் இல்லை. ஆனால் எடுப்பது பாதி வேலைதான். போடாமல் இருப்பது மீதிப் பாதி. அதற்குப் படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள், சான்றிதழும் கிடையாது. அதனால்தான் அது கஷ்டம்.

இப்போது பையில் ஒரு குவளை வைத்திருக்கிறேன். சில நாள் மறந்தும் போகிறேன். அடுத்த அன்னதானத்தில் தண்ணீரை எதில் கொடுக்கப் போகிறோம்? முதலில் அதைப் பேசுவோமா?