புற்றுநோயும் நுகர்வினையும்

புற்றுநோய்க்கு மருத்துவம் செய்வாரிடம் நோயாளர் வினவுவன பல. எத்தனை நாள் செல்லும், பொருள் எவ்வளவு ஆகும், மயிர் உதிருமா என்பன அவற்றுட் சில. இவற்றிற்கு விடை கூறுதல் அரிதன்று. 'யான் என்ன பாவம் செய்தேன்?' என்னும் வினாவே எம்மை வாயடைக்கச் செய்வது. மேலூர்ப் பக்கத்து வயற்காட்டினின்று வந்த மூதாட்டியும், நகரத்துக் கல்லூரி ஆசிரியரும் இதனை ஏறக்குறைய ஒரே சொற்களாற் கேட்டுளர். மருத்துவ நூலில் இதற்கு விடையில்லை. சித்தாந்த நூலில் உண்டென்பர் நம்மவர். உண்டு, ஆயின் அவ்விடை யார் வாயினின்று, யாரை நோக்கி வரல்வேண்டும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இன்ப துன்பங்கள் பிராரத்தமாய் உடலொடு வந்து பொருந்துவன என்பதும், வினை சடமாகலின் தானே வந்து பற்றமாட்டாது, இறைவனே கூட்டுவிப்பன் என்பதும் நம் கொள்கை. இதன்கண் எமக்கு ஐயமில்லை. இக்கொள்கையை நோயாளியின் கட்டிலருகே கொணர்ந்து வைக்கும் முறையே எம்மை வருத்துவது. மார்பிற் கட்டி தோன்றிய பெண்ணிடம் சுற்றத்தார், 'எல்லாம் வினைப்பயன்' என்கின்றனர். அவள் அதனை 'நீ தீயவள்' என்றே கேட்கின்றாள். நாணத்தால் நோயை மறைக்கின்றாள். பல திங்கள் கழிந்து, கட்டி புண்ணாகி நாற்றமெழுந்த பின்னர், உசிலம்பட்டியினின்றோ திருமங்கலத்தினின்றோ பேருந்தேறி மதுரைக்கு வருகின்றாள். முன்னரே வந்திருப்பின் அறுவையாலும் மருந்தாலும் நீங்கியிருக்கக்கூடிய நோய் அப்பொழுது எலும்பிலும் ஈரலிலும் பரவியிருக்கும். மெய்க்கொள்கை ஒன்று, உரைக்கத் தகாதவிடத்து உரைக்கப்பட்டு, உயிர்க்கு இறுதி செய்தலைச் சைவ நன்மக்கள் பொறுத்தல் ஆகாது.

இம்மதுரையில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் உரைக்கும் வரலாற்றை நினைவுகூர்க. திருமடத்திற்குத் தீயிட்ட பிழை அரசன்பாலதெனக் கண்ட ஆளுடைய பிள்ளையார், அத்தீ பாண்டியனையே சென்று சார்க எனப் பணித்தனர். மெல்லச் செல்க எனவும் பணித்தனர். விரைந்து செல்லின் மீட்சிக்கு இடமின்றாம். மங்கையர்க்கரசியாரின் மங்கலநாணும், குலச்சிறையாரின் அன்பும், மன்னன் மீண்டு சிவநெறி எய்தவிருந்ததும் கருதியே அவ்வாறு பணித்தனர் என்பது சேக்கிழார் காட்டும் பொருள். நோய் வரும்பொழுதே தீர்தற்கும் காலம் வைத்து வந்ததென்க. பின்னர் அப்பிள்ளையாரே திருநீற்றைத் தம் திருக்கையாற் பூசி அவ்வெப்பினை நீக்கினர். காரணமாகிய குற்றம் இன்னதென அவர் ஐயமற அறிவார். அறிந்தும், நோய்ப்படுக்கையருகில் குற்றம் பேசினாரல்லர், நீறு பூசினார். எவ்வுயிர் எப்பிறப்பில் என்ன செய்ததென்று ஒருசிறிதும் அறியாத நாமோ நோயாளியின் முகத்துக்கு நேரே வினைக்கணக்கு எழுதப் புகுகின்றோம்!

தன் துன்பத்தைத் தானே நோக்கி, 'இஃது என் வினை. இறைவன் இதனைக் கழிக்கின்றான்' என ஒருவன் தேறுவனாயின் அத்தேற்றம் அவனுக்கு மருந்து. அதனையே அயலான் அவன்மேற் சொல்லின் தீர்ப்பாய் முடியும். சொல் ஒன்றேயாயினும் பயன் வேறு.

அற்றேல், நுகர்ந்தே கழியவேண்டிய வினையை மருந்தால் தடுத்தல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ எனின், ஆகாது. பசித்துன்பமும் நுகர்வினையே, அதற்கு உணவு கொள்வதனை ஆணை கடத்தல் என்பார் இலர். அன்றியும், அருணந்தி சிவாசாரியர் சித்தியாரில், சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயைப் பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்க்கும் மருத்துவனை, இன்பதுன்பங்களை அருத்தி வினையறுக்கும் இறைவனுக்கு உவமையாக்கினர். மருத்துவத்தை வினைக்குப் பகையென அவர் கருதியிருப்பின் இவ்வுவமையை எடுத்தல் யாங்ஙனம்?

மதுரையை அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல சான்று. அம்பிளிக்கை மருத்துவ நிலையத்தாரும் பிறரும் சேர்ந்து, 30 முதல் 59 வரை அகவையுள்ள சிற்றூர்ப் பெண்டிர்க்குக் கருப்பைவாயில் நீர்த்த புளிக்காடியைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்வித்தனர். செய்தவர் பயிற்சி பெற்ற செவிலியர். நோய்க்குறி கண்டவிடத்து உடனே மருத்துவம் செய்யப்பட்டது. 2007இல் வெளியான முடிபின்படி, சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிடுங்கால், அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அப்பெண்டிரின் வினை மாறிற்றோ என வினவுவார்க்கு யாம் கூறுவது: வினைப்பயன் வந்தடைதற்குப் பிறவுயிர்கள் வாயிலாதலை நம் நூல்கள் உடன்படுகின்றன, அது நீங்குதற்குச் செவிலியின் கை வாயிலாதலை மட்டும் மறுப்பானேன்?

இனி, நம்பிக்கை என்பதனைப் பற்றிச் சிறிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1923இல் தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தனர். இந்நோயுற்றார் மாள்வதே முடிபு எனப் பலரும் எண்ணியிருந்த காலம் அது. அவ்விழப்பினை மறவாத அம்மையாரின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அடுத்த ஆண்டு அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையுமளவும் அதனையே தம் இல்லமாகக் கொண்டனர். அவர் தொழில் தொடங்கிய நாளில் ஏறக்குறைய உறுதியான மரணமாயிருந்த குழந்தைகளின் குருதிப் புற்று, இன்று முறையான மருத்துவத்தை இடையில் விடாது பெறுவாருட் பாதிக்கு மேற்பட்டார்க்குத் தீர்கின்றது.

எனினும் எல்லாரும் பிழைப்பதில்லை. பிழைத்தாரின் முகம் எளிதில் மறந்துபோம். பிழையாதார் முகம் மருத்துவன் நெஞ்சைவிட்டு நீங்காது. வாய்ப்புற்றுற்ற உழவர் ஒருவரிடம் நோயின் பெயரைச் சொல்லலாகாதென்று அவர் மக்கள் எம் கையைப் பற்றி வேண்டினர். அன்பினால் வேண்டினர் என்பதில் ஐயமில்லை. நிலத்தை விற்று ஊர் ஊராய் அலைந்தனர். இறுதி வாரத்தில் அவர் தாமே உணர்ந்துகொண்டு, 'முன்னமே சொல்லியிருந்தால் திருவாதவூருக்கு ஒருமுறை போய்வந்திருப்பேனே, ஐயா' என்றார். திருவாதவூர் அவர் ஊரினின்று ஒருமணி நேர வழியே. பிழைப்பீர் என்னும் பொய் அவரிடமிருந்து கவர்ந்தது அந்த ஒரு நாளை. கேட்கும் அளவறிந்து, உள்ளதை மெல்ல உரைத்தலே வாய்மையும் அருளும் ஆம் என்பது எம் துணிபு.

தீராத நிலையிலும் செய்யத்தக்கது உளது. வலியை அடக்க மார்பின் என்னும் மருந்தை வாய்வழியே கொடுக்கலாம். அதனைப் பெறுதற்கிருந்த சட்டத் தடைகள் 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பெரிதும் தளர்ந்தன. வலி பொறுத்தலே வினை கழித்தல் என்று இம்மருந்தை மறுப்பார் சிலர் நம்முள் உளர். சூலையால் துடித்த மருணீக்கியாரைச் சமண முனிவர் தம்மாலியலாதெனக் கைவிட்டபின், அவர் வந்து விழுந்தது திலகவதியார் அடியில். 'நுகர்ந்து கழி' என்று அவ்வம்மையார் சொல்லிற்றிலர். எடுத்து நீறளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றனர். வலியினும் கொடியது கைவிடப்படுதல் என்பதனை எம் நோயாளர் பலகாற் சொல்லக் கேட்டுளோம்.

ஆகலின் மதுரைத் திருமடங்களுக்கு ஒரு விண்ணப்பம். பாலரெங்கபுரத்து அரசு நிலையத்திற்குக் கதிர்மருத்துவத்தின்பொருட்டு வருவோர், நாடோறும் சில நிமிடமே ஆகும் அம்முறைக்காக ஐந்தாறு வாரம் வந்துபோதல் வேண்டும். அவருட் சிலர்க்கேனும் மடத்தில் ஓர் அறையும் இருவேளை உணவும் அளிக்கலாம். மாலையில் ஓதுவார் ஒருவர் வந்திருந்து, அவர் விரும்பின், ஒரு பதிகம் ஓதலாம். வைகாசி மூலத்தன்று பிள்ளையார் குருபூசைக்குத் திரளும் பெண்டிருள் 30 அகவை கடந்தார்க்கு, மேற்கூறிய சோதனை இன்ன இடத்திற் கிடைக்குமென ஒரு செவிலியைக்கொண்டு அறிவிக்கலாம். வரும் வைகாசிக்குள் இதனைத் தொடங்க முன்வரும் மடத்தார்க்கு எம்மாலான உதவி செய்யக் காத்திருக்கின்றோம்.